முள்ளு லேபிள்ல ஓடுறதில்ல

ஏலே பேராண்டி, நீ சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. சோல் பாட்டு போடுதவன் ஒரிஜினல் ரிக்கார்டைத்தான் போடணும். மறு அச்சு ரிக்கார்டைத் தூக்கிட்டு மேடையேறுதவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும். கூட்டம் பாதி ஆட்டத்துல இருந்தாலும் சரி, விளக்கைப் போட்டு, பாட்டை நிப்பாட்டி, "இது 1966ல அடிச்சதா, 2016ல அடிச்சதா"ன்னு ஒரு பஞ்சாயத்து வச்சு, தீர்ப்புச் சொன்ன பொறவுதான் மறுபடி ஆட விடணும். நான் எப்பவும் உன் கட்சிதான். கிழவனுக்குச் சில சந்தேகம் இருக்கு, அவ்வளவுதான். அதைத் தீத்து வச்சிரு. பொறவு பாரு, உங்க ஆட்டத்துக்கு நான் ஓசியில வக்காலத்து வாங்குதேன்.

இந்த லங்காஷயர் குளிருக்கு உங்கம்மா வீட்டுல வந்து சேந்ததுலேர்ந்து நீ எனக்குச் சொன்ன கதைதான் அத்தனையும். நானா எதையும் படிச்சுக் கிழிக்கல. உன் வாயால சொன்னதை வச்சே உன்னைக் கேக்கேன். தப்பா இருந்தா திருத்திக்கோ.

டெட்ராய்ட்லயும் சிகாகோவுலயும் பிலடெல்பியாவுலயும் அறுபதுகள்ல கறுப்பினப் பாடகர்கள் பாடின வேகப் பாட்டு. அதுல ஓடின பாட்டு ஓடிருச்சு. ஓடாத பாட்டை, சொந்த ஊர்லயே சீந்துவாரில்லாம கிட்டங்கியில தூசி பிடிச்சுக் கிடந்த பாட்டை, இந்த இங்கிலாந்து வடக்குச் சீமையில ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க தேடி எடுத்து வச்சு ஆடினாங்க. அதுக்கு 'நார்தர்ன் சோல்'னு பேரு போட்டவரு டேவ் காடின். லண்டன்ல சோல் சிட்டின்னு ரிக்கார்டு கடை வச்சிருந்தவரு. வடக்கேருந்து ஃபுட்பால் பாக்க வார பயலுக புதுப் பாட்டு பக்கமே திரும்பாம பழைய வேகப் பாட்டையே கேக்கானுவளேன்னு, கடையில நிக்குதவங்களுக்கு அடையாளம் சொல்ல வச்ச பேரு அது. 1970ல 'புளூஸ் அண்ட் சோல்' பத்திரிகையில எழுதினாரு, ஒட்டிக்கிட்டுது. மான்செஸ்டர்ல ட்விஸ்டட் வீல்னு ஆடுத கிளப் இருந்துச்சு, 1971ல மூடிட்டான். ஸ்டோக் பக்கத்துல கோல்டன் டார்ச். பிளாக்பூல்ல மெக்கா. எல்லாத்துக்கும் மேல விகன் கேசினோ.

விகன் கேசினோவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நீ சாப்பாட்டையே மறந்துருவே. 1973 செப்டம்பர் 23ல மொத ஆட்டம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு காலையில எட்டு வரைக்கும். சாராயம் விக்க லைசென்ஸ் கிடையாது. (வேற மாத்திரை புழங்குச்சுன்னு நீ சொன்னதை உங்கம்மா காதுல நான் போடல.) கால் வழுக்கி ஓட தரையில டால்கம் பவுடர். எட்டு மணிக்கு முன்னால டோபி லெஜண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ்னு அதே மூணு பேரோட அதே மூணு பாட்டு. 1981 டிசம்பர் 6ல கடைசி ஆட்டம். இன்னைக்கு அந்த இடத்துல கிராண்ட் ஆர்கேடுன்னு கடைகளாக் கட்டி வச்சிருக்கான். நீ அங்க நின்னு வாசல்படியைத் தொட்டுக் கும்பிட்டே. நான் உள்ள போயி ஒரு மப்ளர் வாங்கினேன்.

சரி, சந்தேகத்துக்கு வருவோம்.

டேரல் பேங்க்ஸ் பாட்டு ஒண்ணு இருக்குல்லா, 'ஓபன் தி டோர் டு யுவர் ஹார்ட்'? 1966ல அமெரிக்காவுல ரெவிலாட் கம்பெனி போட்டது. அது ஓடாத பாட்டு இல்ல. கறுப்பினப் பாட்டுப் பட்டியல்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போன பாட்டு. நல்லா வித்திருக்கு, அதனால அந்த அமெரிக்க ரிக்கார்டு இன்னைக்கும் ஒரு வேளை சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும்னு நீயே சொன்னே. இங்க இங்கிலாந்துல அதை மொதல்ல அடிச்சது லண்டன் ரிக்கார்ட்ஸ். அடிச்ச பொறவு, உரிமை எங்களுதுன்னு ஸ்டேட்சைடு கம்பெனி வந்து நின்னுச்சு. லண்டன்காரன் அடிச்சதைத் திரும்ப வாங்கிக்கிட்டான். கடைக்குன்னு அடிச்ச பிரதியில ஒண்ணே ஒண்ணு எங்கேயோ தப்பிச்சு வந்து, 2014ல 14,543 பவுண்டுக்கு விலை போச்சு.

அதே பாட்டு. அதே குரல். தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரே ராகம். அமெரிக்க ரிக்கார்டும் ஒரிஜினல், இங்கிலாந்து ரிக்கார்டும் ஒரிஜினல். ஒண்ணுல நடுவுல பெரிய ஓட்டை, இன்னொண்ணுல சின்ன ஓட்டை. அந்த ஓட்டைக்கும் லேபிள் நிறத்துக்குமா இம்புட்டு பவுண்டு? இருக்கட்டும், காசு இருக்கவன் வாங்குதான். நான் கேக்கது என்னன்னா, பதினாலாயிரம் பவுண்டு ரிக்கார்டைப் போட்டா ஆடுதவன் கூடுதலா ரெண்டு சுத்து சுத்துவானா? ஆடுதவனுக்கு ஏதாவது சீட்டு எழுதிக் குடுத்து அனுப்புவீங்களா, "அய்யா, இப்ப ஓடுதது விலை கூடின ரிக்கார்டு, அதுக்குத் தக்கனக் காலைத் தூக்குங்க"ன்னு?

பாடின டேரல் பேங்க்ஸ் 1970லயே டெட்ராய்ட்ல ஒரு போலீஸ்காரர் சுட்டுச் செத்துப் போனாரு. தன்னோட ரிக்கார்டுல ஒண்ணு இம்புட்டு விலைக்குப் போவும்னு அவரு கனாக்கூடக் கண்டிருக்க மாட்டாரு.

ஃபிராங்க் வில்சன் கதையைச் சொல்லும்போது உன் குரலே மாறிப் போவும். மோட்டவுன் கம்பெனிக்குச் சொந்தமான 'சோல்' லேபிளுக்கு 1965ல 'டூ ஐ லவ் யூ'ன்னு ஒரு பாட்டைப் பாடினாரு. விளம்பரத்துக்குக் குடுக்க மாதிரி ரிக்கார்டும் அடிச்சாச்சு. அப்புறம், நான் பாடகனாப் போறதைவிட பாட்டு எழுதி, அடுத்தவங்களைப் பாட வைக்குத வேலையைப் பாத்துக்கிடுதேன்னு ஒதுங்கிட்டாரு. அடிச்சதெல்லாம் குப்பைக்குப் போச்சு. தப்பிச்சது ரெண்டே ரெண்டுன்னு ரொம்பக் காலமாப் பேச்சு. 2009ல அதுல ஒண்ணு 25,742 பவுண்டுக்குப் போச்சு. 2020ல ஒரு லட்சம் பவுண்டுன்னு பேப்பர்லயே வந்துச்சு.

இப்ப பதில் சொல்லு. விகன்ல அந்தப் பாட்டுக்கு அத்தனை பேரு ஆடினாங்களே, யாரு பாடினதுன்னு தெரிஞ்சா ஆடினாங்க? 1978ல விகன் டிஜே ரஸ் வின்ஸ்டன்லி அதை எடி ஃபாஸ்டர்னு வேற ஒருத்தர் பேருல போட்டாரு. அதே பேருல திருட்டு அச்சும் வெளிய வந்துச்சு. பயலுக அதை வாங்கி வீட்டுல போட்டுத் தேய்ச்சானுவ. 1979ல டாம்லா மோட்டவுன் கம்பெனியே இங்க முறைப்படி அடிச்சு வித்துச்சு. ஊரு முழுக்க அந்தப் பாட்டு பரவினது நகலாலயும் மறு அச்சாலயும். உன் கட்சிச் சட்டப்படி பாத்தா, உலகத்துல அந்தப் பாட்டுக்கு யோக்கியமா ஆடத் தகுதி உள்ள எடம் ரெண்டு மூணு பணக்கார வீட்டுக் கூடம் மட்டும்தான். அங்க யாரும் ஆடுறதில்ல. இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கான்.

இன்னொரு கேஸ். மெல்பா மூரோட 'தி மேஜிக் டச்'. அறுபதுகள்ல பாடி, டேப்புல ஏத்தி, கம்பெனிக்காரன் வெளியிடாமலே அலமாரியில போட்டுட்டான். எண்பதுகள்ல கென்ட் கம்பெனிக்காரங்க பழைய டேப்பையெல்லாம் கிண்டும்போது கையில கிடைச்சு, அவங்க அடிச்ச பொறவுதான் மனுசன் காதுலயே விழுந்துச்சு. அது இப்ப ஒரிஜினலா, மறு அச்சா? மொத அச்சே இருபது வருசம் பிந்தி வந்தா அதை என்ன சாதியில சேப்பே? லண்டன்ல ஆக்ஸ்ஃபோர்ட் தெருவுல 100 கிளப்னு ஒரு எடத்துல பல வருசமா விடிய விடிய ஆட்டம் நடத்துதாங்களே, அவங்களே வருசா வருசம் ஆண்டு விழாவுக்குன்னு அலமாரியில கிடந்த பாட்டைப் புதுசா ரிக்கார்டு அடிச்சு வந்தவங்களுக்குக் குடுக்காங்க. அந்தப் புது ரிக்கார்டு கொஞ்ச வருசத்துல அரிய ரிக்கார்டு ஆயிருது. அதுக்கு ஒரு மறு அச்சு வந்தா, மறுபடி ஒரு பஞ்சாயத்து.

இதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து லேபிளை மறைக்குத கதைதான். எழுபதுகள்ல உங்க பெரிய டிஜேக்கள் புதுசா ஒரு பாட்டைக் கண்டுபிடிச்சா என்ன செஞ்சாங்க? லேபிள் மேல வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, இல்லாத பேரு ஒண்ணு எழுதிட்டாங்க. போட்டிக்காரன் தேடிப் பிடிச்சிருவான், திருட்டு அச்சுக்காரன் அடிச்சிருவான்னு பயம். இதுக்கும் முன்னால ஜமைக்காவுல கிங்ஸ்டன் ஊர்ல ஒரு கதை. காக்ஸன் டாட் ஸ்பீக்கர் செட்டு வச்சு ஆட்டம் நடத்துதவரு. வில்லிஸ் ஜாக்சன்ங்கிற அமெரிக்கக்காரரோட சாக்ஸஃபோன் பாட்டு ஒண்ணு. காக்ஸன் அதோட லேபிளைச் சுரண்டி எறிஞ்சிட்டு, 'காக்ஸன் ஹாப்'னு தன் பேரையே வச்சுப் போட்டாரு. எதிராளி டியூக் ரீட் எங்கெல்லாமோ தேடி அலைஞ்சு கடைசியில அதைக் கண்டுபிடிச்சு, காக்ஸன் கேக்கும்படியா ஒரு நாள் ராத்திரி போட்டாரு. காக்ஸன் மயங்கியே விழுந்துட்டாருன்னு பாடகர் பிரின்ஸ் பஸ்டர் சொல்லுவாராம். நியூயார்க்ல டிஜே கூல் ஹெர்க்கும் ரிக்கார்டைத் தண்ணியில ஊற வச்சு லேபிளை உரிச்சிருக்காரு.

ஆக, அந்தக் காலத்து ஆளுங்க லேபிளை யாரும் பாத்துரக்கூடாதுன்னு மறைச்சாங்க. இந்தக் காலத்து ஆளுங்க லேபிளை எல்லாரும் பாக்கணும்னு சட்டம் போடுறீங்க. அவங்க கையில பாட்டு இருந்துச்சு, காகிதத்தை ஒட்டினாலும் ஆட்டம் நிக்கல. உங்க கையில லேபிள் இருக்கு. நான் சும்மா கேக்கேன், கோவிச்சுக்கிடாத: வெள்ளைக் காகிதம் ஒட்டினா உங்க ஆளுங்கள்ல எத்தனை பேரு தேறுவாங்க?

அப்பறம் அந்த ரிக்கார்டோட உடம்பு. அமெரிக்காவுல அறுபதுகள்ல அடிச்ச சின்ன ரிக்கார்டுல பாதிக்கு மேல வினைல்னு நான் நினைச்சிருந்தேன். நீதான் நிறைய கம்பெனி ஸ்டைரீன்ல வார்த்தாங்கன்னு சொன்னே. வினைல் அழுத்தி அடிக்கிறது, ஸ்டைரீன் உருக்கி ஊத்துறது. செலவு கம்மி, சீக்கிரமா அடிச்சுத் தள்ளலாம். ஆனா முள்ளு ஓட ஓட அது வினைலைவிட வேகமாத் தேயும். டிஜே பாட்டோட ஆரம்பத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் ஆட்டுதான் பாரு, அந்த எடத்துல மொதல்ல சொரசொரன்னு ஆயிரும். அப்ப நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரிஜினலை எடுத்துப் போட்டா, அதை மதிக்கியா, அரைக்கியா? அறுபதுகள்ல குளோரியாவோ பார்பராவோ பாடின குரலை, உன் பெருமைக்காகக் கொஞ்சங் கொஞ்சமாச் சுரண்டித் தரையில கொட்டிக்கிட்டு இருக்கே. டால்கம் பவுடரோட சேந்து அதுவும் மிதிபடுது.

கோயிலுக்குப் போயிருக்கேல்லா? மூலவர் எடத்தைவிட்டு நகர மாட்டாரு. தேருல ஏறி, நாலு வீதியும் சுத்தி, கிழவி வாசல் வரைக்கும் வந்து நிக்குதது உற்சவரு. "இவரு மூலவர் இல்லையே, அப்புறம் செஞ்சது தானே"ன்னு சூடம் காட்டாம கதவைச் சாத்தினவ யாரையாவது நீ பாத்திருக்கியா? மூலவர் உள்ள பத்திரமா இருக்கணும்னுதான் உற்சவரையே செஞ்சு வச்சான். உன் ஒரிஜினலை வீட்டுல வையி. தினம் விளக்கு வேணும்னாலும் போடு. வீதிக்கு வேற ஆளை அனுப்பு.

இனி துட்டு விசயம். "மறு அச்சு போடுதது பாடினவனுக்குச் செய்யுத துரோகம் தாத்தா"ன்னு நெஞ்சைத் தொட்டுச் சொன்னே பாரு, அங்கதான் எனக்குச் சோறு இறங்கல. நான் படிப்பு இல்லாதவன், ஆனா கணக்குப் போடுவேன். 2009ல அந்த ரிக்கார்டு விலை போனப்ப ஃபிராங்க் வில்சன் உயிரோடதான் இருந்தாரு. 2012லதான் காலமானாரு. 25,742 பவுண்டுல அவருக்கு எத்தனை பவுண்டு? சட்டப்படி ஒரு பென்னி கிடையாது. விக்குதவன் பையிலேர்ந்து வாங்குதவன் பைக்கு, நடுவுல வியாபாரிக்குக் கமிஷன். இந்த ஊர்ல படம் வரையுதவனுக்காவது 2006லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு. அவன் படம் ஏலத்துலயோ வியாபாரி மூலமாவோ நல்ல விலைக்கு மறுபடி கைமாறினா அவனுக்கு ஒரு பங்கு. பாடுதவனுக்கு அந்தப் பந்தியில இலை போடல.

ஆட்டம் நடக்குத மண்டபத்துல? மண்டபக்காரன் லைசென்ஸ் கட்டுதான். பி.ஆர்.எஸ். பக்கம் போற பணம் பாட்டு எழுதினவங்களுக்கு, பி.பி.எல். பக்கம் போறது ரிக்கார்டு கம்பெனிக்கும் பாடினவங்களுக்கும். அந்த லைசென்ஸ்ல ஒரிஜினலுக்கு ஒரு ரேட்டு, மறு அச்சுக்கு ஒரு ரேட்டுன்னு ஏதாவது பத்தி இருக்கா? உன் பெருமை அந்த ஆபீஸ்ல பதிவாகல போலிருக்கு.

முறைப்படி உரிமை வாங்கி அடிக்குத மறு அச்சை எடுத்துக்கோ. ஏஸ் கம்பெனிக்காரங்க 1982ல கென்ட்னு லேபிள் ஆரம்பிச்சு, மொத எல்.பி.யா 'ஃபார் டான்சர்ஸ் ஒன்லி'ன்னு போட்டாங்க. டேப்பு யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்டக் காசு குடுத்து வாங்கி அடிக்குத வேலை. வித்தா உரிமைக்காரனுக்குப் பங்கு போவும். அதுலேர்ந்து பாடகன் கைக்கு வருமாங்கிறது, அறுபதுகள்ல அவன் என்ன பத்திரத்துல கையெழுத்துப் போட்டான்ங்கிறதைப் பொறுத்தது. அந்தப் பத்திரத்துல பலது பாடினவனைப் பாத்துச் சிரிக்கிற பத்திரம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அங்க வாய்க்கால்னு ஒண்ணு வெட்டிக் கிடக்கு. ஏலக்கடையில வாய்க்காலே கிடையாது.

மறு அச்சு எல்லாமே புண்ணியக் கணக்குன்னும் நான் சொல்லல. திருட்டு அச்சு இருக்கு, அதுல யாருக்கும் எதுவும் போகாது. நடுவுல இன்னொரு ரகம் இருக்கு, அது ரொம்பக் கெட்டிக்கார ரகம். இங்க 1962 வரைக்கும் வெளிவந்த ரிக்கார்டுக்கு ஒலிப்பதிவு உரிமை காலாவதி ஆயிருச்சு. 2013ல சட்டத்தை மாத்தி அம்பது வருசத்தை எழுபது வருசமா நீட்டினாங்க. ஆனா அதுக்கு முன்னால செத்த உரிமை செத்ததுதான். அதனால அந்தக் காலத்துப் பாட்டை எவன் வேணும்னாலும் யாருகிட்டயும் கேக்காம அடிக்கலாம். சட்டம் ஒண்ணும் சொல்லாது. பாடின அம்மாவுக்குப் பாடினதுக்குன்னு ஒண்ணும் வராது. நீ நெசமாவே பாடினவங்க மேல பாசக்காரன்னா, லேபிள்ல வருசத்தைத் தேடாத. ஓரத்துல பொடி எழுத்துல யாருகிட்ட உரிமை வாங்கினான்னு போட்டிருக்கான் பாரு, அதைப் படி. என் கண்ணாடியைத் தாரேன்.

மறு அச்சால வாழ்ந்த பாட்டும் இருக்கு. தி டாம்ஸ் கூட்டத்தோட 'ஹே கேர்ள் டோண்ட் பாதர் மீ' 1964ல வந்தது. 1971ல இங்க மறுபடி போட்டப்ப மொத எடத்துக்குப் போச்சு. ஆர். டீன் டெய்லரோட 'தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' 1967ல வந்து, 1974ல மறுபடி அடிச்சு மூணாவது எடம். வடக்குச் சீமைப் பயலுக ஆடின ஆட்டத்தைப் பாத்துட்டுத்தான் கம்பெனிக்காரன் அச்சு எந்திரத்தை ஓட்டினான். அன்னைக்கு ஒரிஜினல் கட்சி ஆட்சியில இருந்திருந்தா?

உன் பக்கம் நியாயமே இல்லேன்னு சொல்லமாட்டேன். வயசானவன் பொய் சொல்லப்படாது, தேவைப்பட்டா ஒழிய. திருட்டு அச்சுல பலது ஓடித் தேஞ்ச ரிக்கார்டுலேர்ந்தே எடுத்தது, பாட்டோட கீறலும் சேந்து பாடும். முறையா அடிச்சதுலயும் சிலதுல, ஆடுதவனுக்குன்னு செஞ்ச மோனோ கலவையை விட்டுட்டு எல்.பி.யில இருந்த ஸ்டீரியோவை எடுத்துப் போட்டிருப்பான். பெரிய ஸ்பீக்கர்ல போட்டா டிரம் அடி ஒரு மூலைக்கும் பாடுதவன் இன்னொரு மூலைக்கும் ஓடுவான். அந்த மாதிரி எடத்துல ஒரிஜினல்தான் ஒசத்தி. ஒத்துக்கிடுதேன். அது காது சொல்லுத காரணம். காது சொல்லுத காரணத்துக்கு நான் எப்பவும் எந்திரிச்சு நின்னு கும்பிடுவேன்.

தேடுதவனுக்கும் கும்பிடுவேன். 1973ல ரிச்சர்ட் சேர்லிங்ங்கிற டிஜே பிலடெல்பியாவுல ஒரு கிட்டங்கியில குமிஞ்சு கிடந்த குப்பையிலேர்ந்து குளோரியா ஜோன்ஸ் ரிக்கார்டு ஒண்ணை எடுத்தாரு. அதுக்குப் பின்பக்கத்துப் பாட்டு 'டெயின்டட் லவ்'. வந்த காலத்துல அமெரிக்காவுல ஒரு காக்கா குருவி கேக்கல. இங்க கொண்டாந்து போட்டாரு, ஆடினாங்க. 1981ல சாஃப்ட் செல் கூட்டம் அதையே பாடி இங்க மொத எடத்துக்குப் போச்சு. அதுக்கு வேண்டியிருந்தது பிளேன் சீட்டும் குனிஞ்சு நிமிர முதுகும் காதும். அதுல பவுண்டுக்கு என்ன வேலை? இப்ப உங்க சங்கத்துல பாக்கேன், விலைப்பட்டியல் போட்டுப் புத்தகமே வந்திருக்கு. அதைத் திறந்து, மேல என்ன விலைன்னு பாத்து, வீட்டு மேல கடனை வாங்கி, எல்லாருக்கும் நாப்பது வருசமாத் தெரிஞ்ச அதே பாட்டை வாங்கிட்டு வந்து, "நான் கண்டெடுத்தேன்"ங்கிற முகத்தோட போடுதான். அவன் கண்டெடுத்தது பேங்க் மேனேஜரை.

போன தடவை என்னைக் கூட்டிட்டுப் போனேல்லா ஆட்டத்துக்கு, மாடிக்கூடத்துக்கு? ஓரமா நாற்காலி போட்டு உக்காந்து நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு சின்னப் பொண்ணு பெட்டியோட வந்துச்சு. மூணு நாலு பாட்டு போட்டுது. எனக்கு ஒண்ணும் தெரியாத பாட்டு, ஆனா என் முழங்காலே எந்திரிக்கப் பாத்துச்சு. தரை முழுக்க ஆளு. எழுபது வயசுப் பெரியவரு ஒருத்தரு பின்னால சாஞ்சு தரையில கை ஊணி எந்திரிச்சாரு, நான் டாக்டரைக் கூப்பிடப் போனேன். அந்நேரம் பாத்து உங்க ஆளு ஒருத்தரு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கிட்டு, ஆடாம, சிரிக்காம, மேடை மேல ஏறி, சுத்திக்கிட்டிருக்க ரிக்கார்டு மேல குனிஞ்சாரு. நிமிசத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்துத லேபிளைப் படிக்கணும்னா கழுத்தையும் கூடவே சுத்தணும். மனுசன் சுத்தினாரு! படிச்சு முடிச்சதும் முகத்துல ஒரு சந்தோசம். போயி நாலு பேரு காதுல ஓதினாரு. அந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம் எடம் இல்லேன்னு அன்னைக்கே முடிவாயிருச்சு. அந்த நாலு பேருல ஒருத்தன் நீ. தலையை ஆட்டினியா இல்லையா? நான் பாத்தேன்.

அந்தப் பொண்ணு சம்பளம் என்ன இருக்கும்? வாடகை போக மிச்சம் என்ன இருக்கும்? 1973ல விகன்ல நின்ன பயலுக சம்பளமும் அதே மாதிரிதான் இருந்திருக்கும். அவங்களுக்கு வாசல்ல பெட்டிச் சோதனை வச்சிருந்தா இன்னைக்கு உனக்குப் பெருமை பேச ஒரு கதையே இருக்காது. அம்பது வயசுக்கு மேல உள்ளவங்க மட்டுமே மேடையேறுத ஒரு ஆட்டத்தை நடத்தி, இளவட்டம் வரமாட்டேங்குதேன்னு நீங்க கூட்டம் போட்டுப் பேசுததை நான் ஒட்டுக் கேட்டிருக்கேன். பிஸ்கட் நல்லா இருந்துச்சு, பேச்சு புரியல.

சரி, ரொம்பப் பேசிட்டேன். உன்னை மாத்தணும்னு எனக்கு ஆசை இல்ல. மாறவும் மாட்டே, உங்க அப்பன் வழி. அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் நான் சொல்லுதபடி செஞ்சு பாரு. அந்தப் பொண்ணைக் கூப்பிடு. அது பெட்டியும் உன் பெட்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். அந்தப் பொண்ணு ரிக்கார்டு, உன் ரிக்கார்டு, எல்லாத்துக்கும் லேபிள் மேல வெள்ளைக் காகிதத்தை வட்டமா வெட்டி வச்சிரு, அந்தக் காலத்துப் பெரியவங்க செஞ்ச மாதிரியே. வேணும்னா என் பேரை எழுதிக்கோ. சாய்ங்காலம் மாத்தி மாத்திப் போடுங்க. கண்ணாடிக்காரரு வந்து குனிவாரு. குனியட்டும். எது 1966, எது போன வருசம்னு காதால கேட்டுச் சொல்லச் சொல்லு. சரியாச் சொல்லிட்டாருன்னா என் பென்ஷன்லேர்ந்து அவருக்கு ஒரு டீயும் பன்னும்.

வட்டம் வெட்ட கத்தரிக்கோல் சமையல்கட்டு இழுப்பறையில இருக்கு. பசை மட்டும் போட்டுராத, ரெண்டு பொட்டு டேப்பு போதும். உன் ஒரிஜினல்ல லேபிள் கிழிஞ்சா விலை பாதியாயிரும், பொறவு உங்கம்மா என்னைத்தான் கேப்பா.